சன்னலைத் தெற்கில் வையுங்கள், தம்பி

தம்பி கேட்டது இதுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் 11 வருடமாக விளம்பர நிறுவனத்தில் படம் போடுகிறார். பாத்திரம் துலக்கும் சோப்புக்கும், காப்பீட்டுக்கும், கோழி வறுவல் கடைக்கும் வரைந்து வரைந்து மனசு சலித்துவிட்டது. மிட்லண்ட்ஸ் என்கிற மேட்டு நிலத்தில், நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக் குடிலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இனி நிலக்காட்சி மட்டும்தான் என்று உட்கார்ந்துவிடலாமா? மனைவிக்கு டர்பனில் வேலை, மகளுக்கு ஆறு வயது, கையில் ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது.

போகலாம். ஆனால் அந்த 'மட்டும்தான்' என்பதை இப்போதைக்கு அடித்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். 1997இல் ஒரு கோயில் திருப்பணிக்கு வந்த ஸ்தபதி குழுவோடு டர்பனில் வந்து இறங்கினேன். சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் பூசுகிற வேலை. கும்பாபிஷேகம் முடிந்து குழு ஊர் திரும்பியது, நான் தங்கிவிட்டேன். (கல்யாணக் கதை, இங்கே வேண்டாம்.) அப்புறம் போர்டு எழுதினேன். மசாலாக் கடை, இறைச்சிக் கடை, மினிபஸ் டாக்ஸி என்று டர்பனில் என் எழுத்து இல்லாத தெரு கிடையாது என்று அன்றைக்குப் பெருமை. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்தது, அந்தப் பெருமை இரண்டே வருடத்தில் உரிந்து விழுந்தது. அதற்குப் பின் ஒன்பது வருடம், இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி வரைந்து கொடுக்கும் உத்தியோகம். மனை விற்பவர்கள் கையேட்டில் போடுவார்களே, அந்தப் படங்கள். அதில் புல் எப்போதும் பச்சை, நேரம் எப்போதும் காலை ஒன்பது மணி, ஒரு குழந்தை கட்டாயம் பலூனோடு ஓட வேண்டும். 2011இல் எல்லாவற்றையும் ஒரு பக்கியில் ஏற்றிக்கொண்டு மிட்லண்ட்ஸ் வந்தேன். (பின்னால் திறந்த சின்ன லாரியை இந்த நாட்டில் பக்கி என்றுதான் சொல்வார்கள். முதல்முதலில் கேட்டபோது யாரோ என்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.)

வந்ததும் செய்த முதல் தப்பு சன்னல். ஓவியம் பற்றி நாங்கள் படித்த புத்தகமெல்லாம் ஐரோப்பாவில் எழுதியது. ஓவியன் அறைக்கு வடக்குச் சன்னல் வேண்டும், நேர் வெயில் விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று மனப்பாடம். குடிலோடு ஒட்டி ஒரு பழைய பால் கறக்கும் கொட்டகை இருந்தது. வீட்டுக்காரரிடம் கெஞ்சி, என் காசைப் போட்டு, வடக்குச் சுவரை இடித்து ஆறடிக்கு நாலடி கண்ணாடி வைத்தேன். மறுநாள் பத்து மணிக்கு கேன்வாஸ் முழுக்க வெயில். மதியம் வரை அங்கே உட்கார முடியவில்லை. பூமியின் தெற்குப் பாதியில், 29 பாகைக்கும் கீழே இருக்கிறோம். சூரியன் வருடம் பூராவும் வடக்கே சாய்ந்துதான் போகும். 14 வருடம் இந்த நாட்டில் குடியிருந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். துணி காயப்போடும்போது தெரியும். பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் மட்டும் மறந்துபோயிற்று.

ஆகவே தெற்குச் சன்னல். அதிலும் ஒன்று இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் விழுவதால் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் அங்கேயும் வெயில் எட்டிப் பார்க்கும். ஒரு மெல்லிய துணி போதும். ஜூன், ஜூலையில் தெற்கறை ஐஸ் பெட்டி. வீடு காட்டுகிற தரகர் 'வடக்கு பார்த்த வீடு' என்று பெருமையாகச் சொன்னால், குடும்பத்துக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்பக்கத்து அறை, ஒரு ஹீட்டர், இரண்டு ஸ்வெட்டர்.

சன்னலைக் கொத்தனார் மாற்றிக் கொடுத்தார். கையை யார் மாற்றுவது? முதல் வருடம் 30 படத்துக்கு மேல் வரைந்தேன். அவற்றை ஒரு கலைக்கூடத்து அம்மாளிடம் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, வீடு எங்கே கட்டப் போகிறார்கள்?" என்று கேட்டார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன்னால் இருட்டாக ஒரு புதர், நடுவில் கண்ணை உள்ளே இழுக்கிற பாதை, பின்னால் நீல மலை, மேலே கீழிருந்து வெளுத்து ஏறுகிற வானம். ஒன்பது வருடப் பழக்கம். நான் இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே கை படத்தை முடித்துவிடுகிறது.

உங்கள் கையும் அப்படித்தான் இருக்கும். 11 வருடம் ஒரு கை சும்மா இருந்திருக்காது. வேகம், சுத்தம், கேட்டதைக் கேட்ட நேரத்தில் முடிப்பது, இதெல்லாம் அது சம்பாதித்த சொத்து. அதைத் திட்டாதீர்கள். ஆனால் கிராமத்துக்குப் போன மறுநாள் அது திருந்திவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு வருடச் செலவுக்குப் பணம் வைத்திருக்கிறேன் என்கிறீர்கள், அதனால்தான் பயமாக இருக்கிறது. பணம் தீரும் நேரத்தில்தான் கை மெல்ல வழிக்கு வர ஆரம்பிக்கும். அப்போது விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் நீல மலையும் வெளுத்த வானமும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதுதான் சட்டென்று விற்கும்.

கையை எப்படிப் பழக்கினேன் என்று கேட்டால், ஒரே சரிவை 40 தடவை வரைந்தேன். குடிலுக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம், பெயர் இல்லாத ஒரு மேடு. பார்க்க ஒன்றுமே இருக்காது. ஹார்ட்போர்டை உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு அறுத்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அடித்து, ஒரு துண்டுக்கு 20 நிமிடம், மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். முதல் பத்தும் கையேட்டுப் படம். அதற்குப் பின் சலிப்பு. சலித்துப்போன கை தந்திரம் செய்ய மறந்துவிடும், அங்கேதான் ஏதோ நடந்தது. இருபதைத் தாண்டும்போது நிழலுக்குள் நிறம் இருப்பது தெரிந்தது.

அப்படி ஒரு ஜூலை காலை உட்கார்ந்திருந்தபோது, பண்ணையில் மாடு பார்க்கிற பெரியவர் பின்னால் வந்து நின்றார். இங்கே வயசான ஆண்களை 'பாபா' என்றுதான் கூப்பிட வேண்டும், பெயர் சொல்லக் கூடாது. ரொம்ப நேரம் பார்த்தார். என் ஜூலு அரைகுறை, அவர் ஆங்கிலமும் அரைகுறை. அவர் சொன்னதன் சாரம்: "நீ போட்டிருக்கிற புல்லை மாடு தின்னும். அங்கே இருக்கிற புல்லை இப்போது மாடு தொடாது." எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. மழை அதிகம் விழுகிற இந்த மேட்டு நிலத்துப் புல், குளிர் காலத்தில் சத்தையெல்லாம் வேருக்கு இறக்கிவிடும். மேலே நிற்பது சக்கை. பண்ணைக்காரர்கள் அதைச் சவர்வெல்ட், புளிப்புப் புல் நிலம், என்பார்கள். அதில் ரோய்கிராஸ் என்று ஒரு புல். ஆப்பிரிக்கான்ஸில் செம்புல் என்று அர்த்தம். பனி விழுந்ததும் அது செம்புக் குடம் மாதிரி சிவக்கும். நான் என்ன போட்டிருந்தேன் தெரியுமா? எல்லோ ஆக்கரும் வெள்ளையும். தஞ்சாவூர் வைக்கோல் நிறம்! இந்தக் குவாசுலு-நாட்டல் மாகாணத்தில் உட்கார்ந்துகொண்டு காவிரிக் கரை வைக்கோற்போரை வரைந்துகொண்டிருந்தேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை எடுத்து, ஒரு சொட்டு ஊதா விட்டு, வெள்ளையைக் குறைத்துப் போட்டதும் அந்த மேடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

இதைத்தான் கிராமத்துக்குப் போவதில் உள்ள லாபம் என்று நினைக்கிறேன். அமைதி, நல்ல காற்று எல்லாம் சரி, அது வார இறுதியில் போனாலும் கிடைக்கும். புல்லைத் தின்கிற மாட்டையும் மாட்டை மேய்க்கிற ஆளையும் தெரிந்தால் நிறம் தெரிகிறது. அது வார இறுதியில் கிடைக்காது.

பருவத்தைச் சொல்லிவிடுகிறேன், வேலைத் திட்டம் போட உதவும். கோடையில், நவம்பர் முதல் மார்ச் வரை, காலை தெளிவாக இருக்கும். மதியம் ஒரு மணிக்கு டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் பக்கம் வெள்ளைக் குவியலாக மேகம் எழும்ப ஆரம்பிக்கும். மூன்று, நான்கு மணிக்கு இடி, சில நாள் ஆலங்கட்டி. இரும்புக் கால் ஈசலோடு (படத்தை நிறுத்தி வரைகிற தாங்கி) மேட்டில் நிற்காதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் ஸ்பாட், மதியம் ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம் வந்தால் நாள்கணக்கில் நிற்கும், ஸ்டுடியோவில் கேன்வாஸ் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். சுவரில் சாய்த்து வைக்காமல் காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள். மிட்லண்ட்ஸ் கோடைப் பச்சை ரொம்பத் தொல்லை பிடித்தது. டியூபிலிருந்து பச்சையை நேராகப் பிதுக்கினால் படம் பிளாஸ்டிக் பூ மாதிரி ஆகிவிடும். அல்ட்ராமரின் நீலமும் மஞ்சளும் கலந்து, துளி பர்ன்ட் சியன்னாவால் வாயை அடையுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வெளியில் வரைய உத்தமமான காலம். மழை இல்லை, வெளிச்சம் நிலையாக நிற்கும், வறண்ட காற்றில் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலை விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி தெரியும். தூரம் போகப் போக மங்கும் என்று கல்லூரியில் படித்த பாடத்தை மலை மதிக்காது. சூரியன் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எழும். அந்த நேரத்தில் உறைபனி விழுந்த புல்லைப் பார்த்திருக்கிறீர்களா? நிழலில் இருக்கும் வரை சாம்பல் நீலம். வெயில் தொட்ட இடத்தில் பொன்னாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது. பனி உருகி நனைந்து, ஈரக் கோணி மாதிரி கறுத்துவிடும். அரை மணி கழித்துக் காய்ந்த பிறகுதான் சிவப்பு ஏறும். நீலம், கறுப்பு, சிவப்பு மூன்றும் ஒரே சரிவில் ஒரு கோடாக நகர்ந்துகொண்டிருக்கும் அந்த அரை மணிக்காகத்தான் நான் இன்னும் விரல் விறைக்க எழுந்து போகிறேன்.

அப்புறம் தீ. மே, ஜூனில் பண்ணைகளின் எல்லையோரம் பட்டை பட்டையாகப் புல்லைக் கொளுத்துவார்கள், பின்னால் காட்டுத்தீ தாண்டாமல் இருக்க. 1998ஆம் வருடச் சட்டப்படி நிலம் வைத்திருப்பவரின் கடமை அது. செம்பு நிறச் சரிவில் மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை ஓடும், செப்டம்பரில் முதல் தூறல் விழுந்ததும் அந்தக் கறுப்பில்தான் முதலில் பச்சை துளிர்க்கும். யாரும் இதை அதிகம் வரைவதில்லை, சுற்றுலாக்காரர்களுக்கு எரிந்த நிலம் பிடிக்காது. எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை. ஆனால் ஆகஸ்டில் மலைப் பக்கமிருந்து அனல் காற்று அடிக்கிற நாளில் ஈசலை எடுக்காதீர்கள். ஆக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும், தீயும் அந்த நாள்களில்தான் கைமீறும்.

டிராகன்ஸ்பெர்க்கில் ஆம்பிதியேட்டர் என்ற அந்த ஐந்து கிலோமீட்டர் பாறைச் சுவர் இருக்கிறதே, அதை முதல் வருடம் தொடாதீர்கள். எல்லோரும் வரைந்து வரைந்து அது மலையாகவே இப்போது தெரிவதில்லை, தபால் அட்டையாகத் தெரிகிறது.

வணிக வேலை கீழ், நிலக்காட்சி மேல் என்ற தொனி உங்கள் கேள்வியில் இருந்தது. இந்த நாட்டில் அந்தப் பேச்சு நிற்காது. தென்னாப்பிரிக்க நிலக்காட்சி என்றதும் முதலில் வரும் பெயர் பியர்னீஃப், 1886இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். அவருடைய பெயர்பெற்ற வேலை எது? ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்குப் போட்ட 32 பெரிய படங்கள். 1929இல் ரயில்வே கொடுத்த ஆர்டர், 1932இல் மாட்டினார்கள். ரயில் ஏறி இந்த இடங்களைப் பார்க்கப் போங்கள் என்று ஜனங்களை இழுப்பதற்குத்தான். நீங்கள் சோப்புக்கு வரைகிறீர்கள், அவர் டிக்கெட்டுக்கு வரைந்தார். படங்கள் இப்போது ஸ்டெல்லன்போஷ் ரூபர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டடம் கட்டுகிற மாதிரி மேகத்தை அடுக்கியிருப்பார், கோடு அப்படி ஒரு கோடு. போய்ப் பாருங்கள்.

பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். மரம், மலை, மேகம், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கூரை. மனுஷர்கள் தென்பட மாட்டார்கள். 1913ஆம் வருட நிலச் சட்டம் கறுப்பின மக்கள் நிலம் வாங்குவதை நாட்டின் ஒரு சின்ன மூலைக்குள் அடைத்துப் பதினைந்து இருபது வருடம் ஆகியிருந்த நேரத்தில் வரைந்த படங்கள் அவை. ஆள் இல்லாத நிலம் என்று ஒன்றை அழகாகக் காட்டினால், அது யாருடையது என்ற கேள்வியே எழாது. இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் ஜான் கோனகீஃபே மோல் என்ற கறுப்பின ஓவியரிடம், நிலக்காட்சியை விட்டுவிட்டு உன் ஜனங்களின் வறுமையை வரை என்று ஒரு வெள்ளைக்கார ரசிகர் யோசனை சொன்னாராம். நானும் ஆப்பிரிக்கன், கடவுள் இந்த அழகை எங்களுக்கும் சேர்த்துத்தான் படைத்தார் என்பது அவர் பதில். மோசஸ் ட்லாடி என்று இன்னொருவர். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பணக்கார வீட்டில் தோட்டக்காரர். 1931இல் கேப் டவுன் தேசியக் கலைக்கூடத்தில் அவர் படம் தொங்கியது, கறுப்பினத்தவரில் முதல் ஆள். 1956இல் அவருடைய வீட்டையே நிறவெறிச் சட்டம் பிடுங்கியது. தோட்டம் போட்டு, மரம் வைத்து வளர்த்த வீடு. அதற்குப் பின் அவர் பிரஷ் எடுக்கவில்லை, 1959இல் போய்விட்டார்.

நம் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியர்கள் ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருக்கக் கூடாது என்று 1891இல் போட்ட தடை 1986 வரை இருந்தது. இன்றைக்கு ஓவியர்கள் ஊர் என்று எல்லோரும் ஓடுகிற கிளாரன்ஸ் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. என் மாமனார் காலத்தில் அந்த மலையடிவாரத்தில் ஈசல் போட்டு நாலு நாள் தங்க அவரால் முடிந்திருக்காது.

ஆள் இல்லாத நிலம் நமக்கு ஒட்டாது என்பது என் எண்ணம், அதற்குக் காரணம் திணை. முல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். காடும் மேய்ச்சலும், கார் காலம், மாலைப் பொழுது, வீடு திரும்பும் மாடு, காத்திருக்கிற ஒருத்தி. இதில் ஒன்றை எடுத்தாலும் முல்லை இல்லை. கல்லூரியில் இதைப் பரீட்சைக்குப் படித்தேன், அவ்வளவுதான். மிட்லண்ட்ஸ் வந்து மூன்றாவது வருடம், ஜனவரியில் ஒரு நாள், நாலு மணி இடிமழை ஓய்ந்து மேற்கே மேகம் கிழிந்து மஞ்சள் வெயில் பக்கவாட்டில் பாய்ந்தது. நனைந்த மாடுகள் ஆவி பறக்க வரிசையாக இறங்கி வந்தன, பின்னால் அந்தப் பெரியவர் ஒரு கோணியைத் தலைக்கு மேல் முக்காடு மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி வந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாடப் புத்தகத்துப் பட்டியல் முழுக்க நடந்து வருகிறது! அந்தப் படத்தை இன்னும் விற்கவில்லை, கேட்டவர்கள் இரண்டு பேர்.

சரி, காசு.

கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பொதுவாக 40 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும், பாதி கேட்கிற இடமும் உண்டு. 10,000 ராண்டுக்கு ஒரு படம் விற்றால் 6,000 வரும். அதில் படச்சட்டம், கேன்வாஸ், கலர், டீசல் எல்லாம் கழித்தால் 4,000 நின்றால் சந்தோஷப்படுங்கள். என் முதல் வருடம் ஏழு படம் போனது, அதில் மூன்று ஒரே ஆள், மைத்துனர். மிட்லண்ட்ஸ் மீண்டர் என்ற சுற்றுலாப் பாதையை 1985இல் இங்கிருந்த சில ஓவியர்களும் கைவினைக்காரர்களும்தான் தொடங்கினார்கள், இன்றைக்கும் ஜோகன்னஸ்பர்க், டர்பன் வண்டிகள் வார இறுதியில் வரும். வருபவர்கள் மடியில் வைத்துக்கொண்டு போகிற அளவு படம்தான் வாங்குவார்கள். பெரிய கேன்வாஸுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

நீங்களாக ராஜினாமா செய்தால் யுஐஎஃப், அதாவது வேலை போனவர்களுக்கான அரசு நிதி, கிடையாது, அதை நம்பாதீர்கள். மருத்துவக் காப்பீடு நிறுவனம் வழியாக இருந்தால் அதை யார் கட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள், மனைவியின் வேலை வழியாக மாற்ற முடிந்தால் பெரிய நிம்மதி. ஓய்வூதியப் பணத்தில் சேமிப்புப் பங்கை வருடத்துக்கு ஒரு தடவை எடுக்க 2024 செப்டம்பரிலிருந்து வழி இருக்கிறது. எடுத்தால் அந்த வருட வருமானத்தோடு சேர்த்து வரி பிடிப்பார்கள். அதைப் பெயிண்ட் வாங்கும் பணமாக நினைக்காதீர்கள். சுயதொழில் ஆனதும் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் முன்கூட்டி வரி கட்ட வேண்டும். டியூப் கலர் ரசீதிலிருந்து வண்டி ஓடின கணக்குப் புத்தகம் வரை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள்.

என் யோசனை, மாதத்தில் பத்து நாள் பழைய வேலையைச் செய்யுங்கள். நான் மனைப் படங்களை 2016 வரை வரைந்தேன், கொட்டகையில் உட்கார்ந்து. கேவலமாக இருந்ததா? முதலில் இருந்தது. ஒரு தடவை ஒரு நிறுவனம் ஆறு மாதம் காசைக் கொடுக்காமல் இழுத்தடித்தது. அன்றிலிருந்து பாதிப் பணம் கைக்கு வராமல் பென்சிலைத் தொடுவதில்லை. ஆனால் அந்தப் பத்து நாள் வீட்டு வாடகையைப் பார்த்துக்கொண்டது, மீதி 20 நாள் யாருக்கும் பிடிக்காத எரிந்த நிலத்தை வரைய முடிந்தது. குடில் பார்க்கும்போது மலைக்காட்சியைப் பார்ப்பதற்கு முன்னால் போனில் சிக்னல் எத்தனை கோடு என்று பாருங்கள். மின்சாரம் ஒழுங்காக வருகிறதா, தண்ணீருக்கு ஜோஜோ டேங்க் எத்தனை இருக்கிறது, மழையில் மண் பாதையில் உங்கள் கார் ஏறுமா, இவையும்.

வீட்டில் பேசுவது காசைவிடக் கஷ்டம். என் மாமியார் அழவே ஆரம்பித்துவிட்டார். அவருடைய தாத்தா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்து டோங்காட் பக்கம் கரும்பு வெட்டியவர். "காட்ட விட்டு வெளிய வர எங்க வீட்ல மூணு தலைமுறை ஆச்சு மாப்பிள்ள, நீங்க எம்பொண்ண திரும்பக் காட்டுக்கே கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பொழுதுபோக்காக நிலத்தைப் பார்ப்பது என்பதே அந்தக் குடும்பத்துக்குப் புதுசு. உங்கள் மனைவி டர்பன்காரர் என்றால் இந்தப் பேச்சு வரும், தயாராக இருங்கள். டர்பனிலிருந்து நாட்டிங்ஹாம் ரோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், என்3 சாலையில் லாரி கவிழ்ந்தால் அரை நாள். தினமும் மனைவி போய்வர முடியாது. ஹோவிக் அல்லது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குடித்தனம், மேலே ஒரு கொட்டகை மட்டும் வாடகைக்கு என்று யோசித்துப் பாருங்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம், கோயில், தமிழ் வகுப்பு, நாலு நம் மனுஷர்கள் என்று எல்லாம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிடைக்கும். டாதம் கலைக்கூடமும் அங்கேதான், பழைய உயர் நீதிமன்றக் கட்டடத்தில்.

இன்னும் சில்லறை விஷயங்கள். பண்ணை நிலத்தில் கேட்காமல் வேலி தாண்டாதீர்கள். பாரம்பரிய நிலத்தில், அதாவது ஜூலு கிராமங்களில், முதலில் இந்துனாவை, அதாவது ஊர்த் தலைவரை, போய்ப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு ஈசலைப் பிரியுங்கள். இரண்டாவது நாள் பிள்ளைகள் உங்கள் பிரஷ்ஷைக் கழுவிக் கொடுப்பார்கள். புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும், காய்ச்சல் வரும், முழு நீள பேண்டும் கம்பூட்டும் (முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்) போட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகிற நாளில் எங்கே இருப்பீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஜூலையில் இரண்டு வாரம் லீவு போட்டு இந்தப் பக்கம் வந்து தங்குங்கள், பள்ளிக்கூடமும் விடுமுறைதான், மனைவியையும் மகளையும் கூட்டி வாருங்கள். பிப்ரவரியில் இன்னொரு வாரம், சேற்றிலும் பனிமூட்டத்திலும். இரண்டுக்கும் பிறகும் மனைவி சரி என்றால் அந்தப் பத்து நாள் வேலைக்கு யாரிடம் கேட்பது என்று பேசலாம். ஜூலையில் வரும்போது வாட்டர் கலர் கொண்டு வந்தால், காலையில் தண்ணீர்க் கிண்ணத்தில் கொஞ்சம் ஜின் விட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீர்த்த கலரை வாஷ் போட்ட இடமெல்லாம் காகிதத்திலேயே உறைந்து இறகு இறகாகக் கோலம் போட்டுவிடும். என் மாமியாரிடம் மட்டும் அந்த பாட்டில் எதற்கு என்று இன்னும் விளக்க முடியவில்லை.